வாளால் வெட்டினானா, வாள் வெட்டியதா? பேய் குடிகொண்ட வாளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, சட்டம், பண்பாட்டு ஆய்வு ஆகிய துறைகளில் இருக்கும் நண்பர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் ஆர்கேட் பொறிகளுக்காக உருவாக்கி, 1996ஆம் ஆண்டின் இறுதியில் பிளேஸ்டேஷன் கருவிக்கும் கொண்டுவந்த சண்டை விளையாட்டு 'சோல் எட்ஜ்'. அது 1998இல் 'சோல்காலிபர்' என்னும் பெயரில் தொடர்ந்தது. அவ்வரிசையின் ஆறாம் விளையாட்டு 2018இல் வெளிவந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீண்ட இந்தத் தொடரின் உண்மையான கதாநாயகன் மனிதன் அல்லன். விளையாட்டுக்குப் பெயர் தந்த வாளே அதன் மையம். அந்த வாளுக்கு அறிவுண்டு, பசியுண்டு, தனக்கென ஒரு விருப்பமுண்டு. உயிர்களை உண்கிறது, தன்னை ஏந்தியவனின் உடலையும் உள்ளத்தையும் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்கிறது. பிற்கால விளையாட்டுகளில் அதன் கைப்பிடியருகே ஒரு கண் விழித்திருக்கும்.

இதனைச் சிறுவர்களுக்கான கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் 'கொன்றது யார்?' என்னும் மிகப் பழைய கேள்விக்கு மனிதர்கள் தேடிக்கொண்ட விடைகளுள் ஒன்றாகவே இந்த வாளை நான் வாசிக்கிறேன். கொலைக்குப் பின் பழியை எங்கே வைப்பது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் மனிதர்கள் கருவியின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையின் வரலாற்றைச் சில எடுத்துக்காட்டுகளின் வழியே தொகுத்துப் பார்ப்பது இப்பதிவின் நோக்கம்.

1. ஓர் உருபு, மூன்று பொருள்

தொடங்குமுன் இலக்கணத்திலிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். தமிழின் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்று பொருள்களை நன்னூல் கூறுகிறது. தொல்காப்பியமும் வினைமுதலையும் கருவியையும் ஒரே வேற்றுமையின் கீழ்தான் வைக்கிறது. 'வீரனால் பகைவன் கொல்லப்பட்டான்' என்னும் தொடரில் 'ஆல்' செய்தவனைக் குறிக்கிறது. 'வாளால் பகைவன் கொல்லப்பட்டான்' என்னும் தொடரில் அதே 'ஆல்' செய்யப் பயன்பட்ட பொருளைக் குறிக்கிறது. 'வாளோடு வந்தான்' என்றால் வாள் உடன்வரும் துணை. இம்மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டை உருபு காட்டுவதில்லை, பொருளறிவுதான் காட்டுகிறது. வீரன் உயர்திணை, வாள் அஃறிணை என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதனால் குழப்பம் நேர்வதில்லை.

மேலைநாட்டு மொழியியலில் சார்லஸ் ஃபில்மோர் 1968இல் எழுதிய புகழ்பெற்ற வேற்றுமைக் கட்டுரை இதே இடத்தைத்தான் தொட்டது. 'சாவி கதவைத் திறந்தது' என்னும் வகைத் தொடரில் எழுவாயின் இடத்தில் சாவி நின்றாலும், பொருண்மையில் அது கருவியே என்று அவர் விளக்கினார். சாவி எழுவாயாக நிற்கும்போது அதைத் திருப்பிய கை தொடரிலிருந்து மறைந்துவிடுகிறது. தொடர் பிழையானதன்று, ஆனால் ஒரு பங்கேற்பாளர் காணாமல் போயிருக்கிறார்.

பேய் குடிகொண்ட வாள் என்பது இந்த இலக்கண வழுக்கலைக் கதையாக்கியதன் விளைவு. அது சில நேரம் கருவி, சில நேரம் கருத்தா, சில நேரம் உடனிகழ்வு. எந்தக் காலம், எந்தச் சமூகம், எந்தப் பொருளைத் தேர்ந்தது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

2. பேசாத கத்திக்குத் தண்டனை

பண்டைய ஏதென்ஸில் ஒரு விழா இருந்தது. சீயஸ் கடவுளின் பலிபீடத்தில் உழவு மாட்டைக் கொல்வார்கள். கொன்றபின் அது குற்றமாகக் கருதப்பட்டு விசாரணை நடக்கும். நீர் கொண்டுவந்த பெண்கள், கோடரியையும் கத்தியையும் தீட்டியவர்கள்மேல் பழி சொல்வார்கள். தீட்டியவர்கள் எடுத்துக் கொடுத்தவன்மேல் சொல்வார்கள். அவன் அறுத்தவன்மேல் சொல்வான். அறுத்தவன் கத்தியின்மேல் சொல்வான். கத்தியால் மறுமொழி சொல்ல இயலாது. எனவே அதுவே குற்றவாளி என்று தீர்ப்பாகிக் கடலில் எறியப்படும். போர்ஃபிரி என்னும் தத்துவஞானியின் நூல் வழியே நமக்குக் கிடைக்கும் செய்தி இது. சடங்குக்கு வெளியேயும், மனிதரைக் கொன்ற உயிரற்ற பொருள்களை விசாரித்து நாட்டெல்லைக்கு அப்பால் எறியும் நீதிமன்ற வழக்கம் ஏதென்ஸில் இருந்தது.

இங்கிலாந்தில் இதனையொத்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஒருவரின் இறப்புக்குக் காரணமான பொருள் அல்லது விலங்கின் மதிப்பை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது பொதுச்சட்டத்தின் விதி. 'டியோடண்ட்' என்பது அதன் பெயர். கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்பது அச்சொல்லின் பொருள். வண்டிச் சக்கரம், குதிரை, கத்தி என்று சென்றுகொண்டிருந்தவரை இது பெரிய சிக்கலாகவில்லை. ரயில் வந்தது. விபத்து விசாரணைகளில் ஜூரிகள் இரயில் இயந்திரத்தின்மேல் பெருந்தொகைகளை விதிக்கத் தொடங்கினர். 1846இல் நாடாளுமன்றம் இந்த வழக்கத்தை ஒழித்தது. அதே ஆண்டில், பிறர் தவற்றால் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கோரலாம் என்னும் சட்டமும் வந்தது. அதாவது, பழி பொருளிடமிருந்து எடுக்கப்பட்டு அதை இயக்கியவரிடமும் அவரை அமர்த்திய நிறுவனத்திடமும் வைக்கப்பட்டது.

இந்த இரு வழக்கங்களையும் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது சரியாகாது. ஏதென்ஸ் மக்களுக்குக் கத்திக்கு உயிரில்லை என்று தெரியும். பலியில் பங்கேற்ற எல்லோரும் குற்றத்தில் பங்குள்ளவர்கள் என்பதும் தெரியும். எவரையும் தண்டிக்காமல் எல்லோரையும் விடுவிக்க ஒரு வாயில்லாப் பொருள் தேவைப்பட்டது. கத்தி தண்டிக்கப்பட்டதற்குக் காரணம் அது பேசாதது என்பதே. பேசும் வாள் என்னும் கற்பனை இதனைத் தலைகீழாக்குகிறது.

3. அறத்திலிருந்து பிறந்த வாள். அடைக்கலமாக வந்த வாள்

இந்திய மரபில் இரண்டு கதைகள் அருகருகே வைத்துப் படிக்கத்தக்கவை.

முதலாவது மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வருகிறது. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் நகுலன் வாளின் பிறப்பைப் பற்றிக் கேட்கிறான். பிரமன் இமயச் சாரலில் செய்த வேள்வித் தீயிலிருந்து கருநீல நிறமும் கூரிய பற்களும் ஒட்டிய வயிறும் நெடிய உடலும் கொண்ட ஓர் உரு எழுந்தது என்றும், அதுவே வாளாக மாறியது என்றும் பீஷ்மர் விடை சொல்கிறார். அந்த வாள் உருத்திரனிடம் சென்று, பின் திருமால், முனிவர், இந்திரன் எனக் கைமாறி மனுவை அடைகிறது. மனுவுக்கு அது கொடுக்கப்படும்போது நிபந்தனைகளும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன: குற்றத்திற்கேற்பத் தண்டிக்க வேண்டும், சொல்லால் கண்டித்தலும் பொருள் தண்டமும் உள்ளன, சிறு காரணங்களுக்காக உறுப்பை வெட்டுவதோ உயிரைப் பறிப்பதோ கூடாது. இந்த வாளுக்குப் பிறப்பும் நட்சத்திரமும் தெய்வமும் குருவும் உண்டு. ஏறத்தாழ ஓர் ஆளுக்குரிய அடையாளங்கள் அனைத்தும் உண்டு. ஆனால் அந்த ஆள்தன்மை அரச தண்டத்தைச் சட்டத்திற்குள் கட்டுவதற்காகத் தரப்பட்டது. வாள் இங்கே கருத்தாதான். எனினும் அறத்தின் ஏவலுக்கு உட்பட்ட கருத்தா.

இரண்டாவது கதை வால்மீகி இராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் இருக்கிறது. தண்டக வனத்து முனிவர்களுக்கு இராமன் பாதுகாப்பு வாக்களித்தபின், சீதை அவனை எச்சரித்து ஒரு பழைய செய்தியைச் சொல்கிறாள். தவத்தில் இருந்த ஒரு முனிவரிடம் இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து ஒரு வாளை அடைக்கலப் பொருளாக வைத்துப் போகிறான். ஒப்படைத்த பொருள் தொலைந்துவிடக் கூடாது என்னும் பொறுப்புணர்வால், கிழங்கும் கனியும் தேடப் போகும்போதும் முனிவர் அந்த வாளை உடன் எடுத்துச் செல்கிறார். நாள்தோறும் உடன்வந்த வாள் அவர் மனத்தைக் கொடுமையின் பக்கம் திருப்புகிறது. தவம் கெடுகிறது, இறுதியில் அவர் நரகம் சேர்கிறார்.

இக்கதையில் வாளுக்குள் பேய் இல்லை. வாள் ஒரு சொல்லும் பேசவில்லை. முனிவருக்குத் தீய நோக்கமும் இல்லை. நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அவரை வாளோடு பிணைத்தது. உடனிகழ்வு மட்டுமே நிகழ்ந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஹோமரின் ஒடிசியிலும் இதையொத்த கருத்து உண்டு. அரங்கிலிருக்கும் படைக்கலங்களை அப்புறப்படுத்துவதற்குக் காரணம் சொல்லும்போது, இரும்பு தானே மனிதனைத் தன்பால் இழுக்கும் என்னும் பொருள்பட ஒடிசியஸ் தன் மகனிடம் கூறுகிறான்.

சீதையின் கதையை வாள் பற்றிய மிகக் கூர்மையான சிந்தனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். பிற்காலக் கதைகள் பேயைக் கொண்டுவந்து விளக்கியதை இக்கதை பழக்கத்தைக் கொண்டே விளக்கிவிடுகிறது.

4. முராமசா: பழி எப்படிக் கொல்லனிடம் போய்ச் சேர்ந்தது

ஐரோப்பிய வடபுலத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்வோர் சாகாவில் 'டிர்ஃபிங்' என்னும் வாள் வருகிறது. ஓர் அரசன் இரண்டு குள்ளர்களை அச்சுறுத்தி அதைச் செய்விக்கிறான். கட்டாய உழைப்புக்கு ஆளான அவர்கள் வாளோடு சாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: உருவும்போதெல்லாம் ஓர் உயிரைக் கொள்ளும், மூன்று பெரும் பாதகங்களுக்குக் காரணமாகும். இங்கே சாபத்தின் மூலம் வாளன்று. வாளைப் பெற்ற முறை. இந்தத் தெளிவு பல பிற்காலக் கதைகளில் காணாமல் போகிறது.

சோல் எட்ஜ் பிறந்த ஜப்பானில் சபிக்கப்பட்ட வாள் என்றவுடன் நினைவுக்கு வருவது முராமசா. இது கற்பனைப் பெயரன்று. இசே மாநிலத்தின் குவானா பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய வாள்கொல்லர் மரபின் பெயர். கூர்மைக்கும் நடைமுறைப் பயனுக்கும் பெயர்பெற்ற வாள்கள் அவை. பிற்காலத்தில் அவற்றுக்கு 'யோதோ', அதாவது மாய வாள், என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது.

காரணமாகச் சொல்லப்படுபவை தொகுகாவா குடும்பத்தின் துயரங்கள். ஷோகனாட்சியை நிறுவிய தொகுகாவா இயேயாசுவின் பாட்டனார் மட்சுதைரா கியோயாசு 1535இல் தம் சொந்தப் படைவீரன் கையால் முராமசா வாளுக்கு இரையானார். இயேயாசுவின் தந்தையும் அத்தகைய வாளால் தாக்கப்பட்டார் என்பது மரபு. இயேயாசுவின் மகன் நொபுயாசு 1579இல் வயிறு கிழித்து உயிர்விட ஆணையிடப்பட்டபோது, உடனிருந்து தலை துணித்தவரின் வாளும் முராமசா என்பார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாள் மரபே ஒரு குடும்பத்தைத் துரத்தியது போலத் தோன்றும்.

வரலாற்றாய்வாளர்கள் தரும் விளக்கம் எளியது. தொகுகாவா குடும்பத்தின் தாயகமான மிகாவா, குவானாவிற்கு அருகில் இருந்தது. அப்பகுதி வீரர்கள் பலர் அருகிலிருந்த கொல்லரின் தரமான வாளை வாங்கினார்கள். மிகாவா வீரர்களிடையே கொலை நடந்தால் அங்கே முராமசா வாள் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. மேலும், இயேயாசுவே முராமசா வாளை வைத்திருந்தார். அவர் வழியாக ஓவாரி தொகுகாவா குடும்பத்துக்கு வந்த முராமசா வாள் இன்றும் நாகோயாவிலுள்ள தொகுகாவா கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சாபத்திற்கு அஞ்சியவர் அதைத் தம் மரபுச் செல்வமாக விட்டுச் சென்றிருக்க மாட்டார்.

ஆக, சாபக் கதை பெரிதும் பிற்காலத்தில் வளர்ந்தது. 1588இல் தொயோதோமி ஹிதேயோஷி உழவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார். பின்வந்த எதோ காலத்து நீண்ட அமைதியில் வாள் போர்க்கருவி என்பதினும் மேல்நிலையின் அடையாளமாகவே மிகுதியும் வாழ்ந்தது. பயன்பாடு குறைந்த கருவியின்மேல் கதை படர்வது இயல்பு. முராமசா கபுகி அரங்கிற்குச் சென்றது. கவதாகே மொகுவாமி 1860இல் எழுதிய நாடகம் ஒன்றில் முராமசா வாளே கொலைவெறிக்கு வித்திடுகிறது. ஷோகனாட்சியின் இறுதிக் காலத்தில் அதன் எதிரிகள் சிலர் இதே வாளை விரும்பித் தேடினார்கள். தொகுகாவாவுக்கு ஆகாத வாள் தங்களுக்கு ஆகும் அல்லவா. மறுபுறம், பழிக்கு அஞ்சிச் சில வாள்களின் முளையிலிருந்த கொல்லன் பெயர் சிதைக்கப்பட்டது அல்லது மாற்றப்பட்டது.

இதிலுள்ள அரசியலைக் கவனியுங்கள். 1535ஆம் ஆண்டுக் கொலை, தலைவனுக்கும் அவன் படைவீரர்க்கும் இடையே இருந்த ஐயமும் அச்சமும் விளைவித்தது. 1579ஆம் ஆண்டு மரணம், தந்தை மகனுக்கு இட்ட ஆணை. இரண்டும் அந்தக் குடும்பத்தின் அதிகார அமைப்பிலிருந்தே பிறந்தவை. 'முராமசா கொன்றது' என்று சொல்லத் தொடங்கியதும் படைவீரனின் அச்சமும் தந்தையின் ஆணையும் தொடரிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஃபில்மோரின் சாவி இங்கே ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் திறப்பதற்குப் பதில் பூட்டிவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவன், நல்ல வாள் செய்தது தவிர வேறொன்றும் செய்யாத கொல்லன்.

5. எண்களாக மாறிய விருப்பம்

20ஆம் நூற்றாண்டில் இந்த வாளுக்குப் புதுவாழ்வு தந்தவர் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக். 1961இல் வெளிவந்த அவருடைய முதல் எல்ரிக் கதையிலேயே 'ஸ்டார்ம்பிரிங்கர்' என்னும் கருவாள் வருகிறது. எல்ரிக் நலிந்த உடல்கொண்ட அரசன். வாள் பிறர் உயிரைக் குடித்து அவனுக்கு வலிமை தருகிறது. அவனால் வாளின்றி நிற்க முடியாது. வாளோடு நின்றாலோ தன் அன்புக்குரியவளையே கொல்ல நேர்கிறது. சீதை சொன்ன முனிவரின் கதைக்கு இது மிக நெருக்கமானது. உடனிகழ்வு இங்கே அடிமைப்பழக்கமாக வடிவெடுத்திருக்கிறது.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் முதல் விதிநூல் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. மாய வாள்களுக்கு அறிவு, அறச்சார்பு, தன்முனைப்பு ஆகியன உண்டு என்றும், அவற்றைப் பகடை உருட்டி எண்ணாகக் குறிக்கலாம் என்றும் அது வகுத்தது. வாளின் மன உறுதி ஏந்தியவரின் உறுதியை விஞ்சினால் வாளே அவரை ஆளும். கதையில் மர்மமாக இருந்த ஒன்று கணக்காக மாறியது. கணக்காக மாறியது எளிதில் கணினிக்குள் சென்றது.

1981இல் அமெரிக்காவில் வெளிவந்த 'விசார்ட்ரி' கணினி விளையாட்டில் மிக வலிய ஆயுதமாக முராமசா வாள் இடம்பெற்றது. மூலப் பதிப்பில் அதன் எழுத்துகள் இடம்மாறி 'முரசாமா' என்று அச்சாகியிருந்தது. அந்த விளையாட்டு ஜப்பானுக்குச் சென்று அங்கே பெரும் செல்வாக்குப் பெற்றது. குவானா கொல்லனின் பெயர் இவ்வாறு கடல் கடந்து போய்த் தாயகம் மீண்டது. 2013இல் ஜப்பானில் உருவான 'மெட்டல் கியர் ரைசிங்' விளையாட்டிலும் 'முரசாமா' என்னும் அதே திரிந்த வடிவில் ஒரு வாள் வருகிறது. சொல்வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது ஒரு சுவையான எடுத்துக்காட்டு.

எழுத்துருக்களையே படமாகக் கொண்ட பழைய கணினி விளையாட்டான 'நெட்ஹேக்'கில் ஸ்டார்ம்பிரிங்கரும் இடம்பெற்றது. அங்கே பொதுவாக, தீங்கு செய்யாத ஓர் உயிரை நீங்கள் தாக்க முற்பட்டால், 'உண்மையாகவே தாக்கவா?' என்று நிரல் கேட்கும். ஸ்டார்ம்பிரிங்கரை ஏந்தியிருந்தால் அந்தக் கேள்வி வராது. வாள் தானே வெட்டிவிடும். வாளின் விருப்பத்தை நிரலாளர்கள் இப்படிப் புரிந்துகொண்டார்கள்: செயலுக்கும் எண்ணத்துக்கும் இடையே இருந்த ஒரு வினா நீக்கப்பட்டது. பேய் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறையை நான் இலக்கியத்தில் கண்டதில்லை.

6. சீக்ஃப்ரீடின் பொய்

மீண்டும் சோல் எட்ஜுக்கு வருவோம். கதை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து பலர் ஒரே வாளைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஜப்பானிய வீரன் மித்சுருகி, துப்பாக்கியை வெல்லும் படைக்கலம் ஒன்று வேண்டும் என்று தேடுகிறான். 1543இல் தனெகஷிமா தீவில் வந்திறங்கிய துப்பாக்கி வாளின் காலத்தை முடித்துவைத்தது என்னும் வரலாற்று உண்மை இதன் பின்னணி. கொரியாவின் ஹ்வாங், சியோங் மினா ஆகியோர் அதனை 'மீட்பின் வாள்' என்று நம்பி, ஜப்பானியப் படையெடுப்பிலிருந்து நாட்டைக் காக்கத் தேடுகிறார்கள். உண்மையிலேயே 1592இல் அப்படையெடுப்பு நிகழ்ந்து 1598 வரை கொரியாவைச் சூறையாடியது. ஏதென்ஸின் சோஃபிடியா கடவுளின் ஆணையால் அதை அழிக்கப் புறப்படுகிறாள். வாள் ஒன்றே, ஒவ்வொருவரும் அதற்குத் தங்கள் தேவையின் பெயரை இட்டிருக்கிறார்கள்.

வரலாற்றுப் புண் விளையாட்டுக்கு வெளியேயும் ஆறவில்லை. சோல்காலிபரின் கொரியப் பதிப்பில் சாமுராயான மித்சுருகியை நீக்கி ஆர்தர் என்னும் வேறொரு பாத்திரத்தை நாம்கோ சேர்க்க வேண்டியிருந்தது. கற்பனை வாள்களின் உலகில்கூட, எந்தக் கை வாளை ஏந்துகிறது என்பதை மறக்க மக்கள் ஆயத்தமாக இல்லை.

இனி, இத்தொடரின் மையப் பாத்திரமான ஜெர்மானிய இளைஞன் சீக்ஃப்ரீட். கொள்ளைக் கூட்டம் ஒன்றின் தலைவனான அவன், போரிலிருந்து திரும்பும் வீரர்களை ஓரிரவு தாக்கி, அவர்கள் தலைவனின் தலையைக் கொய்கிறான். முகத்தைப் பார்த்தபின்தான் அது தன் தந்தை என்று தெரிகிறது. அந்தக் குற்றத்தைத் தாங்க இயலாத அவன் மனம் ஒரு பொய்யைப் புனைகிறது: தந்தையைக் கொன்றது வேறு யாரோ. அந்தக் கற்பனைக் கொலையாளியைப் பழிவாங்கவே அவன் சோல் எட்ஜைத் தேடிச் செல்கிறான். வாளை அடைந்தபின் 'நைட்மேர்' என்னும் கொடிய உருவாக மாறி, போதிய உயிர்களைத் திரட்டினால் தந்தையை மீட்கலாம் என்று நம்பி ஊர்களை அழிக்கிறான்.

இக்கதையின் நிரல்முறை முக்கியமானது. பேய் வருவதற்கு முன்பே எழுவாய் அழிக்கப்பட்டுவிட்டது. 'நான் கொன்றேன்' என்னும் தொடரை 'யாரோ கொன்றான்' என்று சீக்ஃப்ரீட் மாற்றியது வாளைத் தொடுமுன். காலியாக இருந்த இடத்தில்தான் வாள் வந்து அமர்ந்தது. வாளின் தோற்றக் கதையும் இதற்கு இசைவானது. சோல் எட்ஜ் முதலில் மாயமெதுவுமற்ற சாதாரண வாள். பல கைகளில் பல்லாண்டுகள் இரத்தத்திலும் வெறுப்பிலும் தோய்ந்து தோய்ந்தே அதற்கு உயிர் வந்தது என்கிறது தொடரின் கதை. நெடுங்காலம் பழகிய கருவிகள் உயிர்பெறும் என்னும் ஜப்பானிய 'சுகுமோகாமி' நம்பிக்கையின் சாயல் இதில் தெரிகிறது. வெளியிலிருந்து வந்த பேய் எதுவும் அந்த வாளுக்குள் இல்லை. ஏந்தியவர்கள் ஒவ்வொருவரும் தம்முடையதன்று என்று கழற்றி வைத்த வன்முறையின் படிவு அது.

ஆடும் முறையிலும் இக்கேள்வி பதிந்திருக்கிறது. முதல் விளையாட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஓர் உறுதி அளவுண்டு. தொடர்ந்து தடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுதம் உடைந்து வெறுங்கையோடு போராட வேண்டியிருக்கும். முடிவுக் காட்சிகளில் விளையாடுபவர் உரிய நேரத்தில் விசையை அழுத்துகிறாரா என்பதைப் பொறுத்து முடிவே மாறும். கதை முடிந்தது என்று கையைத் தளர்த்தியவரும் அந்த முடிவுக்குப் பொறுப்பாகிறார்.

பிற்கால விளையாட்டுகள் இரண்டு திசைகளில் நகர்ந்தன. ஒன்று: 2005இல் வந்த மூன்றாம் சோல்காலிபரில் சீக்ஃப்ரீட் விடுபட்டபின் வாளின் விருப்பம் தனியே ஓர் உடலைப் பெறுகிறது, அதற்கு இனி மனிதக் கை தேவையில்லை. மற்றொன்று: சோல் எட்ஜை அழிக்க அதன் துண்டுகளைத் தூய்மைப்படுத்திச் செய்யப்பட்ட புனித வாளான சோல்காலிபரும் ஏந்தியவரை ஆளத் தொடங்குகிறது. 2012இல் வந்த ஐந்தாம் விளையாட்டில் அதன் ஆவி, இறந்துபோன தாயின் உருவில் தோன்றி மகனை ஏவுகிறது. தீமையை ஒழிக்கும் வாள் என்பதாலேயே அதை ஏந்தியவர் தம் செயலுக்கு விலக்குப் பெறுவதில்லை. மனுவிடம் வாளைக் கொடுத்தபோது நிபந்தனைகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது ஏன் என்பது இங்கே விளங்குகிறது.

இதே சிந்தனையை இறுதிவரை கொண்டுசென்றது 'லெகசி ஆஃப் கெய்ன்' தொடர். 1999இல் வந்த 'சோல் ரீவர்' விளையாட்டில் உயிருண்ணும் வாள் ஒன்று நாயகன் ரசியேலைத் தாக்கும்போது தானே நொறுங்கிவிடுகிறது. வாளுக்குள்ளிருக்கும் பசித்த ஆவி ரசியேலின் சொந்த ஆவியே என்பதை 2001இல் வந்த அடுத்த விளையாட்டு வெளிப்படுத்துகிறது. தன்னைத் தானே உண்ண இயலாததால்தான் வாள் உடைந்தது. வாளுக்குள் இருந்த பேய் யார் என்னும் கேள்விக்கு இதைவிட நேரான விடை அரிது.

7. இன்று இதனை ஏன் பேச வேண்டும்

2014 முதல் ஜெனீவாவில், குறிப்பிட்ட மரபுவழிப் படைக்கலங்கள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் கீழ், தானியங்கிக் கொலைக் கருவிகளைப் பற்றிய கூட்டங்கள் நடந்துவருகின்றன. மனிதர் இறுதி ஆணை இடாமலேயே இலக்கைத் தேர்ந்து தாக்கும் இயந்திரம் தவறாகக் கொன்றால் யார் பொறுப்பு என்பது அங்கு எழும் மையக் கேள்விகளுள் ஒன்று. நிரலாளரா, தளபதியா, விற்ற நிறுவனமா, வாங்கிய அரசா? ஏதென்ஸின் மாட்டுப் பலி விசாரணையில் வரிசையாகப் பழி மாற்றியவர்களை இந்தப் பட்டியல் நினைவூட்டுகிறது. அந்த வரிசையின் முடிவில் இம்முறை நிற்கும் கத்தி, பேசுவது போலவும் முடிவெடுப்பது போலவும் தோன்றும் கத்தி. அதன்மேல் பழியை வைப்பது முன்னெப்போதையும்விட எளிது. 'இயந்திரம் முடிவெடுத்தது', 'நிரல் தேர்ந்தெடுத்தது' என்னும் தொடர்களை நாளிதழ்களில் நாம் இப்போதே இயல்பாக வாசிக்கிறோம்.

இலக்கணத்திலிருந்து வாங்கிய கருவியை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கருத்தாவை இயற்றுதற்கருத்தா, ஏவுதற்கருத்தா என்று நம் மரபு இரண்டாகப் பகுக்கிறது. கோயில் தச்சனால் கட்டப்பட்டது. கோயில் அரசனால் கட்டப்பட்டது. இரண்டும் உண்மை. இயற்றியது எதுவாயினும் ஏவியவர் யார் என்று கேட்கும் வழியை இந்தப் பகுப்பு திறந்தே வைத்திருக்கிறது. முராமசா கதையில் அக்கேள்வி கேட்கப்படவில்லை. கொல்லனின் பெயர் வாளின் முளையில் சிதைந்தது. 1846இல் இங்கிலாந்தில் கேட்கப்பட்டது. இரயில் இயந்திரத்திடமிருந்து பழி நிறுவனத்துக்கு நகர்ந்தது. தானியங்கி ஆயுதங்களைப் பற்றிய சட்டம் இவ்விரண்டில் எதைப் பின்பற்றப் போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. ஒரு விளையாட்டையோ திரைப்படத்தையோ செய்தியையோ வாசிக்கும்போது, ஆயுதம் எழுவாயாக நிற்கும் தொடர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'குண்டு பாய்ந்தது', 'ஏவுகணை தாக்கியது', 'தோட்டா உயிரைப் பறித்தது'. ஒவ்வொன்றிலும் மறைந்திருக்கும் கருத்தாவை மீட்டு எழுதிப் பாருங்கள். சில இடங்களில் அது எளிதாக வரும்; சில இடங்களில் எவ்வளவு முயன்றாலும் வராது. வராத இடங்களைப் பட்டியலிடுவது ஒரு நல்ல ஆய்வேட்டின் தொடக்கமாக அமையக்கூடும். அப்படி எவரேனும் தொடங்கினால் உரையாடவும் உடன் பணியாற்றவும் ஆர்வமாக இருக்கிறேன். வாள் மரபுகளைப் பற்றி, குறிப்பாகப் பாரசீக, மலாய் மரபுகளைப் பற்றி, அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.